அருமண்ணா, அரிமண்ணா?

வணக்கம். தொழில்வளர்ச்சிக் கட்டுரை ஒன்றை வெள்ளிக்குள் தமிழில் தர வேண்டும். 17 தனிமங்களின் கூட்டுப் பெயரான ‘ரேர் எர்த்’ என்பதை நானே ஒரே பக்கத்தில் மூன்று விதமாக எழுதியிருக்கிறேன்: அபூர்வ பூமித் தாது, அரிய மண் தனிமம், அருமண். எதை வைக்கட்டும்?

—

அருமண் போதும், தம்பி. அருமை + மண்; அருமருந்து போல. ‘பூமி’யை உடனே எடுத்துவிடுங்கள். நீரில் கரையாத, சூட்டுக்கு அசையாத ஆக்சைடைத்தான் பழைய வேதியியலார் ‘எர்த்’ என்றார்கள். 1794இல் வேதியியலார் காடோலின், சுவீடனின் இட்டர்பி ஊரில் கிடைத்த கறுப்புக் கல்லில் கண்டதும் அப்படியொரு ஆக்சைடே.

—

> அருமண் போதும்

போதாது. இவற்றில் ஒன்றான சீரியம் புவியோட்டில் ஏறத்தாழச் செம்பளவு கிடக்கிறது. அது எப்படி ‘அரு’? சித்தாந்தம் படித்தவருக்கு அருமண் என்றால் உருவமற்ற மண்! என் பரிந்துரை அரிமண். பொன் அரிக்கிறோம், அரிசி அரிக்கிறோம். இவை அடங்கிய மோனசைட் கனிமத்தையும் கடற்கரை மணலில் அரித்துத்தானே எடுக்கிறார்கள்?

—

ஐயா, அரிப்பு மணலோடு முடிந்துவிடுகிறது. பாடு அதற்குப் பிறகுதான். இந்த 17இல் பெரும்பாலானவை கரைசலில் ஒரே மின்சுமையோடு, ஏறக்குறைய ஒரே பருமனில் நிற்கும்; எளிதில் பிரியா. அமிலக் கரைசலோடு கரைப்பானைக் கலக்கி, அடங்கவிட்டுப் பிரித்து, மறுபடி கலக்கி... நூற்றுக்கணக்கான தொட்டிகள். கலிபோர்னியாவின் மவுண்டன் பாஸ் சுரங்கத் தாதுவே பல ஆண்டுகள் சீனாவுக்குக் கப்பலேறியது இதனால்தான். தோண்டிய ஊருக்குக் குழி. பிரிக்கத் தெரிந்த ஊருக்குக் காந்த ஆலை, மோட்டார் ஆலை.

‘அரியவாம் சொல்லிய வண்ணம் செயல்’ என்ற குறளில் அரிய என்றால் கடினம். இந்த 17இல் ஒன்றான டிஸ்ப்ரோசியத்தின் கிரேக்கப் பொருளும் ‘கிட்டுதற்கு அரியது’. ஆங்கிலப் பெயர் சறுக்கிய இடத்தில் ‘அரு’ சரியாக உட்காருகிறது.

—

வகுப்பில் ‘அரிய மண்’ என்றால் பிள்ளைகளுக்குச் சட்டென்று புரிகிறது. ‘அருமண்’ என்றால் “அருமையான மண்ணா, டீச்சர்?” என்கிறார்கள்.

—

அம்மா, ‘அரிய மண் காந்தம்’ என்று எழுதிப் பாருங்கள். மண்ணால் செய்த அரிய காந்தம் ஆகிவிடும். ‘அருமண் காந்தம்’ ஒட்டி நிற்கிறது. இன்னொன்று: நியோடிமியம் தனிமம், மோனசைட் கனிமம். மூலக்கட்டுரை இரண்டையும் குழப்பியிருந்தால் நீங்களும் குழப்ப வேண்டாம்.

—

குழப்பித்தான் இருந்தது, திருத்திவிட்டேன். ‘அருமண்’ வைத்து, முதல் இடத்தில் மட்டும் அடைப்புக்குள் ‘அரிய மண் தனிமங்கள்’ என்று போட்டு அனுப்பியாயிற்று. அனைவருக்கும் நன்றி.

—

அனுப்பியது உங்கள் விருப்பம். எனக்கு அது அரிமண்தான். ‘அரிசி’யின் வேர் பற்றித் தனி இழையில் எழுதுகிறேன்.