‘இடிபாட்டு இலக்கியம்’: ட்ரூமர்லிட்டராட்டூர் என்பதற்கு என் பரிந்துரை

அன்பர்களுக்கு வணக்கம்.

தற்கால ஜெர்மன் சிறுகதைப் பாடத்துக்கான சொற்பட்டியலில் ‘ட்ரூமர்லிட்டராட்டூர்’ (இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் ஜெர்மனியில் எழுந்த எழுத்துக்கான பெயர்) மட்டும் முடிவாகாமல் நிற்கிறது. ‘போருக்குப் பிந்தைய இலக்கியம்’, ‘சிதைவு இலக்கியம்’, ‘சாம்பல் இலக்கியம்’ என்று மூன்று பரிந்துரைகள் வந்துள்ளன. நான் ‘இடிபாட்டு இலக்கியம்’ என்பதை முன்வைக்கிறேன். அகராதியை மட்டும் புரட்டி இதை முடிவு செய்ய முடியாது என்று நினைப்பதால் கதைகளையும் அவை எழுதப்பட்ட ஆண்டுகளையும் சேர்த்தே பேசுகிறேன்.

> போருக்குப் பிந்தைய இலக்கியம் என்றாலே மாணவர்களுக்கு விளங்குமே, தனிச்சொல் எதற்கு?

ஐயா, அந்தப் பெயர் மிகப் பெரிய பரப்பைக் குறிக்கும். 1945-க்குப் பின் இருபது ஆண்டுகள் எழுதப்பட்ட எல்லாவற்றையும் அதில் அடக்கலாம். நாம் பெயர் தேடுவது அதன் தொடக்கத்தில் வந்த ஒரு குறுகிய காலத்துக்கு. 1948 ஜூன் 20 அன்று, போரில் வென்ற நாடுகள் பிரித்து ஆண்ட ஜெர்மனியின் மேற்கு மண்டலங்களில் புதிய நாணயம் வந்தது. கடைகளில் சரக்கு தென்படத் தொடங்கியது. போரைப் பற்றிப் படிக்கும் விருப்பம் விரைவாகவே குறைந்தது. ஜெர்மன் எழுத்தாளர் ஹைன்ரிஹ் ப்யோல் அப்போது எழுதிய ஒரு நாவல், இடிந்த நகரத்துக்குத் திரும்பும் சிப்பாயின் கதை, அவர் இறந்த பிறகு 1992-இல்தான் அச்சேறியது. ‘ட்ரூமர்லிட்டராட்டூர்’ என்பது இந்த எழுத்தாளர்கள்மீது குறையாகச் சுமத்தப்பட்ட பெயர். 1952-இல் ப்யோல் அதை மறுக்காமல் ஏற்றுக்கொண்டு ஒரு கட்டுரை எழுதினார். போர், வீடு திரும்புதல், இடிந்த நகரம் ஆகிய மூன்றையும் ஹோமரே பாடியிருக்கிறார், நாங்கள் ஏன் வெட்கப்பட வேண்டும் என்பது அதன் சாரம். வசையாக வந்து கொடியாக உயர்த்தப்பட்ட பெயருக்கு வெறும் காலக்குறிப்பு ஈடாகாது.

> சிதைவு இலக்கியம் எனலாம். சிதைவு பொதுச்சொல், எல்லோருக்கும் தெரியும்.

அம்மா, பொதுச்சொல் என்பதுதான் எனக்குத் தடை. கதிரியக்கச் சிதைவு, கருச்சிதைவு என்று அது ஏற்கெனவே பல துறைகளில் வேலை செய்கிறது. ஒரு பொருள் தானாகவே, காலத்தால் கெட்டுப்போவதும் சிதைவுதான். ஜெர்மன் மொழி இங்கே ஒரு வேறுபாடு காட்டுகிறது. பாதி நின்றுகொண்டிருக்கும் பழைய கோட்டை, மடாலம் போன்றவற்றுக்கு ‘ரூயீனெ’. நொறுங்கிக் கிடக்கும் துண்டுகளுக்கு ‘ட்ரூமர்’. முன்னதற்குச் சிதைவும் சிதிலமும் பொருந்தும். பின்னதற்கு நம் நாளிதழ்கள் நாள்தோறும் எழுதும் சொல்லே இருக்கிறது: ‘இடிபாடுகளுக்குள் சிக்கியவர்கள்’. இந்தச் சொல்லைக் கேட்டதுமே உள்ளே ஒரு மனிதர் இருக்கிறார் என்ற பதைப்பு வருகிறது.

வோல்ஃப்காங் போர்ஷெர்ட்டின் எலிக்கதையைப் படித்தவர்களுக்கு நான் சொல்ல வருவது புரியும். குண்டுவீச்சில் இடிந்த வீட்டின் அருகே ஒன்பது வயது யூர்கன் கையில் தடியோடு இரவும் பகலும் காவல் இருக்கிறான். நான்கு வயதுத் தம்பி அந்தக் கற்களுக்கு அடியில் கிடக்கிறான். எலிகள் பிணத்தைத் தின்னும் என்று பள்ளி ஆசிரியர் சொல்லியிருக்கிறார். அங்கே வந்த ஒரு முதியவர் ‘இரவில் எலிகள் தூங்குமே’ என்று பொய் சொல்லி, ஒரு முயல்குட்டி தருவதாகவும் கூறி, அந்தப் பிள்ளையை வீட்டுக்கு அனுப்பப் பார்க்கிறார். அந்தக் கற்குவியலைச் சிதைவு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இடிபாடு என்ற சொல்லின் அமைப்பும் நமக்குத் துணை நிற்கிறது. இடிபடு என்ற வினையிலிருந்து வந்தது அது. கட்டடம் இடிபடும், மனிதனும் இடிபடுவான். ‘பாடு’ என்பதற்குத் தமிழில் துன்பம் என்ற பொருளும் உண்டு. ‘இடிந்த சுவரே வராத கதைகளையும் இந்தப் பெயரில் அடக்கலாமா’ என்று சென்ற வாரம் ஓர் அன்பர் கேட்டதற்கு இதிலேயே விடை இருக்கிறது.

அவர் மனத்தில் வைத்துக் கேட்டது போர்ஷெர்ட்டின் ‘ரொட்டி’ கதையாக இருக்கலாம். 1946-இல் எழுதப்பட்டது. இரவு இரண்டரை மணி. மனைவி விழித்துச் சமையலறைக்குப் போகிறாள். அங்கே கணவன் நிற்கிறான். மேசைவிரிப்பில் ரொட்டித் துகள்கள். ஏதோ சத்தம் கேட்டு வந்ததாக அவன் சொல்கிறான். முப்பத்தொன்பது ஆண்டு இல்வாழ்க்கைக்குப் பிறகு அவன் பொய் சொல்வது அவளுக்குத் தாங்கவில்லை. ஆனாலும் அவனைக் காட்டிக்கொடுக்காமல் விளக்கை அணைக்கிறாள். மறுநாள் இரவு மூன்று துண்டுக்குப் பதில் நான்கு துண்டுகளை அவன் பக்கம் நகர்த்தி, இந்த ரொட்டி தனக்குச் சரியாகச் செரிப்பதில்லை என்கிறாள். அவன் தட்டின்மேல் குனிந்துகொள்கிறான், நிமிர்வதில்லை.

காலம் தெரியாமல் படிக்கும் மாணவர் இதை ஒரு தம்பதியின் சின்னப் பூசலாக நினைத்துவிடுவார். கதையில் போர் என்ற சொல்கூட இல்லை. ஆனால் போர்ஷெர்ட்டின் ஊரான ஹாம்பர்க் அப்போது பிரிட்டிஷ் மண்டலத்தில் இருந்தது. 1946 மார்ச்சில் அங்கே பங்கீட்டு உணவு ஆளுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 1000 கலோரியாகக் குறைக்கப்பட்டது. ஒரு துண்டு ரொட்டியை மறைவில் வெட்டுவது என்றால் மற்றவரின் உயிரிலிருந்து வெட்டுவது. அவள் தரும் நான்காவது துண்டின் எடையும் அதே அளவு. சுவர் இடிந்து விழாத வீட்டுக்குள்ளும் இடிபாடு உண்டு. அழிவு வெளியே மட்டும் நடக்கவில்லை, சில ஆண்டுகளில் ஆறிவிடக்கூடியதும் அல்ல என்று ப்யோல் தம் கட்டுரையில் சொன்னதும் இதைத்தான். (போர்ஷெர்ட் தம் உரைநடையில் பெரும்பகுதியை இரண்டே ஆண்டுகளுக்குள், நோய்ப்படுக்கையில் எழுதினார். 1947 நவம்பர் 20 அன்று பாசெல் நகரில் இறந்தபோது வயது 26. அவருடைய நாடகம் மறுநாள் ஹாம்பர்க்கில் மேடையேறியது.)

> சாம்பல் இலக்கியம் என்றால் கவித்துவமாகவும் இருக்கிறதே!

இதை மட்டும் வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். ஜெர்மன் இலக்கியத்தில் சாம்பல் என்றால் வதைமுகாம்களின் எரியுலைகள் நினைவுக்கு வரும். அந்தச் சாம்பல் கொல்லப்பட்ட யூதர்களுடையது. வீடு திரும்பிய ஜெர்மன் சிப்பாய்களின் எழுத்துக்கு அதைப் பெயராக வைப்பது அநீதி. இந்தக் கதைகளில் பெரும்பாலானவை ஜெர்மானியர் பட்ட துன்பத்தையே பேசின, அவர்கள் இழைத்ததைக் குறைவாகவே பேசின என்பதையும் பாடத்தில் சொல்லியாக வேண்டும். அதனால் எலிசபெத் லாங்கெஸர் 1947-இல் எழுதிய கதையைப் பக்கத்திலேயே வைக்கப் பரிந்துரைக்கிறேன். ஒரு மலையூரில் சுற்றுலாப் பருவம் தொடங்கும்போது பணியாளர்கள் ஓர் அறிவிப்புப் பலகையை நட இடம் தேடுகிறார்கள். கடைசியில் சிலுவைக்கு அருகே நடுகிறார்கள். யூதர்களுக்கு இங்கே இடமில்லை என்ற அதன் வாசகம் கதையின் இறுதியில்தான் நமக்குத் தெரிகிறது. இடிபாட்டுக்கு முன் நட்டது என்ன என்பதை அந்தப் பலகை காட்டுகிறது.

அடுத்தது ‘கால்ஷ்லாக்’. இதையும் இடிபாட்டு இலக்கியத்தையும் ஒன்றாகவே எழுதி வருகிறோம், பிரிக்க வேண்டும். 1949-இல் ‘ஆயிரம் கிராம்’ என்ற தொகுப்பின் பின்னுரையில் வோல்ஃப்காங் வைராஹ் இதைப் பயன்படுத்தினார். காட்டில் ஒரு பகுதி மரங்களை ஒன்றுவிடாமல் வெட்டுவதைக் குறிக்கும் வனத்துறைச் சொல் அது. நாஜிகளின் ஆரவாரத்தால் கெட்ட மொழியை வெட்டிச் சாய்த்துவிட்டு, சிறு வாக்கியங்களிலிருந்து மீண்டும் தொடங்க வேண்டும் என்பது கருத்து. ஆகவே இது மொழிநடைக்கான பெயர். மற்றது பொருளுக்கானது. ‘களையெடுப்பு’ என்ற பரிந்துரை பொருந்தாது. களையெடுப்பவர் பயிரை விட்டுவைப்பார், இங்கே எதையும் விட்டுவைப்பதில்லை. ‘காடழிப்பு’ சுற்றுச்சூழல் பக்கம் இழுத்துச் செல்லும். நான் ‘முழுவெட்டு’ என்கிறேன், ‘முழுவெட்டு நடை’ என்று அடையாகவும் வரும். இதைவிடச் செறிவான சொல் கிடைத்தால் மகிழ்ச்சியோடு விட்டுக்கொடுப்பேன்.

பட்டியலுக்கான வரைவு:

இடிபாட்டு இலக்கியம் – இரண்டாம் உலகப் போர் முடிந்த 1945 முதல் 1950களின் தொடக்கம் வரை, பெரும்பாலும் போரிலிருந்து திரும்பிய இளம் ஜெர்மன் எழுத்தாளர்கள் போர், வீடு திரும்புதல், இடிந்த நகரம், பசி ஆகியவற்றைப் பற்றி எழுதிய சிறுகதை, கவிதை, நாடகம்.

பிற நாடுகளின் போர் இலக்கியத்துக்கும் இதை விரித்துக்கொள்ளலாமா என்ற கேள்வியைத் தனி இழையில் பேசலாம். மெக்சிகோவில் அகதியாக இருந்து எழுதி 1947-இல் திரும்பிய அன்னா சேகர்ஸின் கதைகள் இந்த வரையறைக்குள் வரா. ‘புலம்பெயர்வு இலக்கியம்’ என்ற பதிவிலிருந்து அவருக்கு ஒரு குறுக்குச்சுட்டு கொடுத்துவிடலாம். மறுப்பு இருப்பவர்கள் எந்தக் கதையை வைத்து மறுக்கிறார்கள் என்பதையும் சேர்த்து எழுதக் கேட்டுக்கொள்கிறேன்.