லித்தியம் ஹைட்ரைடு விக்யூஇ: ஆற்றல் எஃப்சிஐ-க்கும் கீழே போகிறதே?

நுண்துகள்:
லித்தியம் ஹைட்ரைடு மூலக்கூறின் தாழ்நிலை ஆற்றலை விக்யூஇ (குவாண்டம் சுற்றின் அளவுருக்களை மாற்றிமாற்றி மிகக் குறைந்த ஆற்றலைத் தேடும் முறை) வழியாகக் கணக்கிடுகிறேன். கிஸ்கிட் நேச்சர் (குவாண்டம் வேதியியல் மென்பொருள்), பைஎஸ்சிஎஃப் (வழக்கமான கணினிக்கான வேதியியல் மென்பொருள்) டிரைவர். பிணைப்பு நீளம் 1.6 ஆங்ஸ்ட்ராம், எஸ்டிஓ-3ஜி அடிப்படைத் தொகுதி, ஜோர்டான்–விக்னர் மேப்பர் (ஆர்பிட்டால்களைக் க்யூபிட்டுகளாக, அதாவது குவாண்டம் பிட்டுகளாக, மாற்றும் முறை), யூசிசிஎஸ்டி (ஓரிரு எலக்ட்ரான்களைக் காலி ஆர்பிட்டால்களுக்கு ஏற்றும் சுற்று), ஸ்டேட்வெக்டர் (இரைச்சலற்ற) சிமுலேட்டர். விடை −8.8746 ஹார்ட்ரீ (ஆற்றல் அலகு). பைஎஸ்சிஎஃப்-இல் எஃப்சிஐ (அதே அடிப்படைத் தொகுதியில் கிடைக்கும் துல்லிய விடை) −7.8824. மாறுபாட்டுத் தத்துவப்படி இதற்குக் கீழே இறங்கவே கூடாதே! தவிர, 12 க்யூபிட்டுக்கு ஓட்டம் முடிய மணிக்கணக்காகிறது. குறைக்க வழி உண்டா?

அலைச்சார்பு:
இரண்டையும் கழியுங்கள்: 0.9922. அதுதான் அணுக்கருக்களுக்கு இடையிலான விலக்காற்றல் (3 × 0.529177 ÷ 1.6). விக்யூஇ நேரடியாகத் தரும் ஐகன் மதிப்பில் எலக்ட்ரான் பகுதி மட்டும்தான் இருக்கும். அதைக் கிஸ்கிட்டின் ப்ராப்ளம் பொருளில் உள்ள இன்டர்ப்ரெட் செயற்கூறு வழியாக அனுப்பி, மொத்த ஆற்றலைப் படியுங்கள். கணக்கில் பிழை இல்லை.

இதே எண்ணை வைத்து அலகையும் சோதிக்கலாம். பென்னிலேனில் (இன்னொரு குவாண்டம் மென்பொருள்) அணுக்களின் ஆயத்தொலைவுகள் இயல்பாகவே போர் என்ற நீள அலகில் (1 போர் = 0.529177 ஆங்ஸ்ட்ராம்) எடுத்துக்கொள்ளப்படும். அங்கே 1.6 என்று போட்டால் விலக்காற்றல் 1.875 ஆகிவிடும், 3.0236 என்று கொடுக்க வேண்டும்.

முக்கோணம்:
வேகத்துக்கு வருவோம். 4 எலக்ட்ரான், 12 ஸ்பின் ஆர்பிட்டால் என்றால் யூசிசிஎஸ்டி-யில் 92 அளவுருக்கள். ஹாமில்டோனியனில் (ஆற்றலைக் குறிக்கும் செயலி) 631 பாலி உறுப்புகள் (க்யூபிட்டில் தனித்தனியே அளக்க வேண்டிய பகுதிகள்). எஸ்எல்எஸ்க்யூபி என்ற உகப்பாக்கி எண்முறையில் சாய்வு எடுப்பதால், ஒவ்வொரு சுற்றுக்கும் தொண்ணூறுக்கு மேல் தடவை ஆற்றல் கணக்கிட்டாக வேண்டும். பிறகு மணிக்கணக்கு ஆகாமல் என்ன செய்யும்?

ஃப்ரீஸ்கோர் போட்டு லித்தியத்தின் உள் ஆர்பிட்டாலான 1எஸ்-ஐ உறையவையுங்கள் (அதன் எலக்ட்ரான்களை அசையாமல் வைப்பது): 10 க்யூபிட், 24 அளவுருக்கள். அடுத்து, காலியாக உள்ள இரண்டு பை ஆர்பிட்டால்களையும் (0-இலிருந்து எண்ணினால் 3, 4) நீக்குங்கள்: 6 க்யூபிட், 8 அளவுருக்கள். ஜோர்டான்–விக்னருக்குப் பதில் பேரிட்டி மேப்பரைப் போட்டு, அதில் துகள் எண்ணிக்கையையும் கொடுத்தால் 4 க்யூபிட்டில் முடியும்.

உறையவைத்ததும் ஐகன் மதிப்பு திடீரென −1 பக்கம் வந்து நிற்கும், பதற வேண்டாம். சுமார் −7.80 ஹார்ட்ரீ தனி மாறிலியாக ஒதுக்கப்பட்டிருக்கும். இன்டர்ப்ரெட் அதையும் சேர்த்துக்கொள்ளும்.

நுண்துகள்:
நன்றி, மொத்தம் −7.88 வருகிறது. சுருக்கியதைச் சரிபார்க்க பைஎஸ்சிஎஃப்-இல் 2 எலக்ட்ரான், 3 ஆர்பிட்டால் காஸ்சிஐ (தேர்ந்தெடுத்த ஆர்பிட்டால்களுக்குள் மட்டும் துல்லியமாகக் கணக்கிடும் முறை) ஓட்டினேன். விக்யூஇ-யோடு ஒத்துப்போகவில்லை.

முக்கோணம்:
காஸ்சிஐ தானாகவே அடுத்தடுத்த ஆர்பிட்டால்களை எடுத்துக்கொள்ளும். அதாவது, 0-இலிருந்து எண்ணினால், 1, 2, 3. அதில் 3 பை. உங்களுக்கு வேண்டியது 1, 2, 5. ஆர்பிட்டால்களைத் தேர்ந்தெடுக்கும் சார்ட்_எம்ஓ செயற்கூறில் பட்டியல் கொடுங்கள். ஆனால் அது 1-இலிருந்து எண்ணும், எனவே [2, 3, 6].

அலைச்சார்பு:
ஓப்பன்ஃபெர்மியன் என்ற இன்னொரு மென்பொருளோடும் ஒப்பிடுவதானால் ஸ்பின் வரிசையைக் கவனியுங்கள். கிஸ்கிட்டில் ஆல்ஃபா (மேல் ஸ்பின்) எல்லாம் முதலில், பிறகு பீட்டா (கீழ் ஸ்பின்). ஓப்பன்ஃபெர்மியனில் இரண்டும் மாறிமாறி. 12 க்யூபிட்டில் ஹார்ட்ரீ–ஃபாக் நிலை (எலக்ட்ரான்கள் மிகத் தாழ்ந்த ஆர்பிட்டால்களை நிரப்பிய தொடக்க நிலை) கிஸ்கிட்டில் 0, 1, 6, 7. ஓப்பன்ஃபெர்மியனில் 0, 1, 2, 3. கிஸ்கிட் நிலையை அப்படியே அங்கே கொண்டுபோனால் இணைதிறன் ஜோடி ஒரு பை ஆர்பிட்டாலில் போய் உட்கார்ந்துவிடும். எந்தப் பிழைச் செய்தியும் வராது, ஆற்றல் மட்டும் எக்கச்சக்கமாக ஏறும்.

உகப்பாக்கத்தைத் தொடங்கும் முன், எல்லா அளவுருக்களையும் பூஜ்ஜியமாக்கி ஒரு தடவை ஆற்றல் எடுங்கள். மாறிலிகளைச் சேர்த்ததும் −7.8619 வர வேண்டும், அதுதான் ஹார்ட்ரீ–ஃபாக். வராவிட்டால் உகப்பாக்கியைத் தொடாதீர்கள், வரிசையையோ மாறிலியையோ பாருங்கள்.