வேகப்பந்து வீசும் மகனுக்கு மூன்று வாரமாகக் கீழ்முதுகு வலி

கேள்வி (தாய், பாலக்கோடு):
என் மகனுக்கு 15 வயது. வலக்கையால் வேகப்பந்து வீசுகிறான். ஓராண்டுக்குள் மளமளவென்று உயரம் கூடிவிட்டான். காலையில் பள்ளிப் பயிற்சி, மாலையில் ஊர் அணியோடு ஆட்டம், ஞாயிறுதோறும் தருமபுரிப் பக்கம் போட்டி என்று ஓய்வே இல்லாமல் போயிற்று. மூன்று வாரமாகப் பந்தை விடும் நொடியில் இடுப்புக்குச் சற்று மேலே இடப்பக்கம் சுருக்கென்று குத்துகிறது என்கிறான், படுத்தால் அடங்கிவிடுகிறது. பிடிப்பு என்று எண்ணி இருமுறை எண்ணெய் தேய்த்து நீவிவிட்டோம். எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்றார்கள். அடுத்த மாதம் போட்டி இருக்கிறது. விளையாட விடலாமா?

பதில் (இயன்முறை மருத்துவர், கிருஷ்ணகிரி):
சகோதரி, நேரில் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல இயலாது. ஆனாலும் வளரும் வயதும், வலக்கை வீச்சும், இடப்பக்க வலியும் ஒன்றுசேர்ந்திருப்பது எனக்குக் கவலை தருகிறது. பந்தை விடும்போது முதுகு பின்னால் வளைந்து, பக்கவாட்டில் சாய்ந்து, அதே வேகத்தில் திரும்பவும் செய்வதால், முள்ளெலும்பின் பின்புறமுள்ள மெல்லிய எலும்புப் பாலம் ஓயாமல் அழுத்தப்பட்டு, கம்பியைத் திரும்பத் திரும்ப வளைத்தால் விண்டுபோவது போல நாளடைவில் கீறல் விடுகிறது. ஸ்பாண்டிலோலைசிஸ் எனப்படும் இது பெரும்பாலும் இடுப்புப் பகுதியின் ஐந்தாவது முள்ளெலும்பில், வீசும் கைக்கு எதிர்ப்பக்கத்தில் வரும். தொடக்கநிலைக் கீறல் எக்ஸ்ரேயில் தெரியாமல் போவதுண்டு. எம்ஆர்ஐ அதைக் காட்டிக்கொடுக்கும். தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் எலும்பு மருத்துவரிடம் காட்டி, அது தேவையா என்று கேளுங்கள். அதுவரை பந்து வீசவும் வேண்டாம், நீவவும் வேண்டாம். கீறல்தான் என்றால் பொதுவாக மூன்று மாதமேனும் ஆட்டத்தை நிறுத்த வேண்டிவரும். சிறுவயதில் உரிய காலத்தில் ஓய்வு கொடுத்தால் எலும்பு கூடுவதற்கு நல்ல வாய்ப்பு உண்டு.

பதில் (உடற்கல்வி ஆசிரியர், அரூர்):
இதில் எங்களைப் போன்றவர்களுக்கும் பங்குண்டு. பள்ளி அணி, ஊர் அணி, பயிற்சி மையம் என்று மூன்று இடத்தில் வீசும் பையனின் ஓவர்களை யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை. இங்கிலாந்து கிரிக்கெட் வாரியம் 15 வயதுக்குட்பட்ட வேகப்பந்து வீச்சாளர்களுக்குத் தொடர்ச்சியாக 6 ஓவர், நாளொன்றுக்கு 12 ஓவர் என்று வரம்பு வைத்திருக்கிறது. ஒரு நோட்டில் அன்றன்று எழுதிவந்தாலே போதும். பும்ராவுக்கே 2019இல் கீழ்முதுகில் இத்தகைய கீறல் ஏற்பட்டு, 2023இல் முதுகில் அறுவை சிகிச்சையும் நடந்தது.

பதில் (முன்னாள் கைப்பந்து வீராங்கனை, ஊத்தங்கரை):
அம்மா, தம்பியைத் தனியாக அழைத்து எப்போதிலிருந்து வலிக்கிறது என்று கேளுங்கள். அணியிலிருந்து எடுத்துவிடுவார்கள் என்று பயந்து, 16 வயதில் நான் வீட்டில்கூடச் சொல்லாமல் ஆடினேன்.

கேள்வி கேட்டவர்:
கேட்டேன். இரண்டு மாதமாக வலிக்கிறதாம், சொல்லும்போதே அழுதுவிட்டான். திங்கட்கிழமை மருத்துவமனைக்குப் போகிறோம். மட்டையாவது பிடிக்கலாமா என்று கேட்கிறான்.

பதில் (இயன்முறை மருத்துவர், கிருஷ்ணகிரி):
மருத்துவர் பார்க்கும்வரை அதுவும் வேண்டாம். நடக்கலாம், பள்ளிக்குப் போகலாம். காய்ச்சல், தூக்கத்தைக் கெடுக்கும் இரவு வலி, காலில் மரத்துப்போதல் ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் திங்கள்வரை காத்திருக்காதீர்கள். சிறுநீர் கழிப்பதில் சிரமம் இருந்தால் உடனே அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள்.