கொண்டோவுக்கு எந்த ரோயிங் மெஷின்?

பிரிக்பீல்ட்ஸ்வாசி:
பதினோராவது மாடி. கீழ் வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது. எனக்கோ விடியற்காலை ஐந்தரைக்குத்தான் நேரம். துடுப்புப் போடுவதுபோல் இழுத்துப் பயிற்சி செய்யும் ரோயிங் மெஷினில் ஏர், மேக்னெட்டிக், வாட்டர் வகைகளில் எதை வாங்கலாம்?

செந்தூல்காரன்:
அந்த நேரத்துக்கு மேக்னெட்டிக்தான் தம்பி, காந்தத்தால் எதிர்ப்பு தருவதால் சத்தம் குறைவு. ஏர் மெஷினில் விசிறி சுற்றும். வேகமாக இழுக்க இழுக்க எதிர்ப்பும் கூடும், சத்தமும் கூடும். உடற்பயிற்சிக்கு எனக்குப் பிடித்தது அதுதான், ஆனால் குழந்தை பாவம். அப்புறம் இடம்: கான்செப்ட்2 நிறுவனத்தின் ரோஎர்க் என்ற ஏர் மெஷின் 244 செ.மீ. நீளம். இரண்டாகக் கழற்றி வைக்கலாம். முதலில் ஹாலில் டேப் பிடித்து அளந்து பாருங்கள்.

பினாங்குக்காரி:
வாட்டர் மெஷினில் தண்ணீர் சலசலக்கும், காதுக்கு இதம். தொட்டியில் பாசி பிடிக்காமலிருக்க மட்டும் மாத்திரை போட வேண்டும். எதை வாங்கினாலும் அடியில் கனமான ரப்பர் பாய் விரியுங்கள். இருக்கை உருளும் அதிர்வு தரை வழியாகவே கீழே இறங்கும்.

பிரிக்பீல்ட்ஸ்வாசி:
சரி, மேக்னெட்டிக்கும் பாயும். நன்றி அண்ணா, அக்கா.