மறு: மறு: ‘சாஃப்ட் ஃபோகஸ்’ தமிழில்? (வியாழனுக்குள் வேண்டும்)

அனுப்புநர்: ஆசிரியை

குழுவினருக்கு வணக்கம். ஒளிப்பட வகுப்புக்கான பாடக்குறிப்பு வியாழனன்று அச்சுக்குப் போகிறது. மற்ற சொற்கள் எல்லாம் அமைந்துவிட்டன, சாஃப்ட் ஃபோகஸ் மட்டும் இடிக்கிறது. ‘மென்குவியம்’ என்று எழுதினேன். “குவியம் தவறிப்போன படமா?” என்று மாணவர்கள் கேட்கிறார்கள். அப்படி இல்லை என்று சொல்வதற்குத்தான் அந்தப் பாடமே இருக்கிறது. நான் காட்டும் படத்தில் இமை மயிரை ஒவ்வொன்றாக எண்ணலாம். ஆனால் நெற்றியில் விழுந்த வெளிச்சம் அங்கேயே நிற்காமல் கருங்கூந்தலுக்குள் கசிந்திருக்கிறது. அந்தக் கசிவுக்குத்தான் பெயர் கேட்கிறேன். கூடவே, அளவுக்கு மீறிக் கணினியில் திருத்திய படத்துக்கும் ஒரு சொல்.

அனுப்புநர்: தமிழாசிரியர் (ஓய்வு)

அம்மா, ‘மஞ்சொளி’ என்று வையுங்கள். மஞ்சு + ஒளி. குற்றியலுகரம் கெட்டு உயிர் ஏறும், புணர்ச்சியில் சிக்கல் இல்லை. மஞ்சு என்றால் வெண்மேகம், மூடுபனி. அழகு என்றும் பொருள் உண்டு. அகராதியில் யானை முதுகு என்றுகூட ஒரு பொருள் கிடக்கிறது. பனி போர்த்திய குன்றை விடியலில் பார்த்தவர்களுக்கு அது ஏன் என்று விளக்க வேண்டியதில்லை. மை, மழை, மங்குல், மஞ்சு எல்லாம் கருமை குறித்த ஒரே வேரில் கிளைத்தவை என்பது என் நெடுநாள் நம்பிக்கை. விரிவாகத் தனி மடலில் எழுதுகிறேன்.

அனுப்புநர்: மொழிபெயர்ப்பாளர்

ஐயா, கருமையில் பிறந்த சொல் வெண்மேகத்துக்கு எப்படி வந்தது? அழகு என்னும் பொருளோ வடமொழி மஞ்சுவின் சாயல். இத்தனையும் சுமந்த சொல்லைப் பதினெட்டு வயது மாணவர் தலையில் ஏற்றுவானேன்? கேமராவும் லென்ஸும் வந்த வழியில் இதுவும் வரட்டும். வடசொல்லைத் தமிழெழுத்தில் ஏற்க எச்சவியலில் தொல்காப்பியரே வழிவிட்டார். மங்கல் என்னும் பொருளுள்ள ஜப்பானியச் சொல்லை 1997-இல் ஓர் அமெரிக்க ஒளிப்பட இதழ் அப்படியே எடுத்து, உச்சரிப்புத் தவறாமல் இருக்க ‘எச்’ எழுத்தை மட்டும் கடைசியில் சேர்த்தது. இன்று உலகமே ‘பொக்கே’ என்கிறது.

இன்னொன்று. ‘புகைப்படம்’ பிழை என்று சொல்லி ‘ஒளிப்படம்’ கொண்டுவந்தோம். இப்போது புகை போன்ற படத்துக்குச் சொல் தேடுகிறோம்! இத்தாலிய ஓவியர்கள் விளிம்பு கரையத் தீட்டும் முறைக்கு ‘ஸ்ஃபுமாட்டோ’ என்று பெயரிட்டது புகையை வைத்துத்தான்.

அனுப்புநர்: இருட்டறைக்காரர்

பனியையும் இதையும் குழப்ப வேண்டாம். வில்லையின் (லென்ஸின்) விளிம்பு வழியாக வரும் கதிர்களும் நடு வழியாக வரும் கதிர்களும் ஒரே இடத்தில் கூடாமல் போவது கோளப்பிறழ்ச்சி. அதனால் கூரிய உருவத்தின்மேல் மெல்லிய ஒளிப்படலம் படிகிறது. லென்ஸில் ஒளி நுழையும் துளையைச் சுருக்கினால் படலம் மறைந்துவிடும். மூடுபனியின் கதை வேறு. காற்றில் மிதக்கும் நீர்த்துளிகள் ஒளியைச் சிதறடிப்பதால் தொலைவு கூடக்கூட நிறமாறுபாடு குறைகிறது. முதல் மரம் கரும்பச்சை, அடுத்தது சாம்பல், மூன்றாவது இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது.

அந்த மூன்றாவது மரத்துக்காகத்தான் நான் விடியலில் எழுந்து போகிறேன். கணினியில் மங்கலைப் போக்கும் பனிநீக்கிப் பட்டையை இழுத்தால் மரம் வந்துவிடும். கூடவே கிளைகளைச் சுற்றி வெள்ளைக் கோடும், வானத்தில் அழுக்குத் திட்டுகளும் வரும். படத்தில் தேடிப் பார்க்க எதுவும் மிஞ்சாது.

நாங்கள் லென்ஸின்மேல் மெல்லிய காலுறைத் துணியை இழுத்துக் கட்டி எடுப்பதுண்டு. ‘துகிலொளி’ என்றால் என்ன?

அனுப்புநர்: தமிழாசிரியர் (ஓய்வு)

மஞ்சொளியை விட மனமில்லை. ஆனாலும் இது அருமை! மெல்லிய ஆடையை ஆவிக்கு ஒப்பிட்டது சங்கப் பாட்டு. துகில் போன்ற ஒளி என்று விரித்தால் உவமைத்தொகை. துகிலின் வழியே வரும் ஒளி என்றால் வேற்றுமைத்தொகை. பாடத்தில் எதைக் கொள்கிறீர்கள் என்று தெளிவாக எழுதுங்கள்.

அனுப்புநர்: மொழிபெயர்ப்பாளர்

துகில் என்றதும் பாதிப் பேருக்குத் துகிலுரிதல்தான் நினைவில் எழும். என் மறுப்பைப் பதிவு செய்கிறேன்.

அதைவிட முக்கியம்: ‘மென்மை இயற்கை, திருத்தம் செயற்கை’ என்று பாடத்தில் எழுதிவிடாதீர்கள். ஜூலியா மார்கரெட் கேமரூன் 1863-இல் தம் 48-ஆம் வயதில் கேமராவைக் கையில் எடுத்து மங்கலான முகங்களைப் படமாக்கினார். குவியம் தெரியாதவர் என்று ஏசப்பட்டார். பின்னால் வந்த ராபர்ட் டெமாஷி போன்றவர்கள் தாளில் கோந்தும் நிறமியும் பூசி, தூரிகையால் துடைத்துத் துடைத்து அந்த மென்மையை உண்டாக்கினார்கள். அது திருத்தம் இல்லாமல் வேறென்ன? 1932-இல் ஆன்சல் ஆடம்ஸ், எட்வர்ட் வெஸ்டன் முதலியோர் எல்லாம் கூர்மையாக விழச் செய்யும் மிகச் சிறிய துளையின் பெயரையே (எஃப்/64) தங்கள் குழுவுக்குச் சூட்டி எதிர்த்தது இந்தப் பூச்சைத்தான்.

அனுப்புநர்: ஆசிரியை

உண்மை, அந்தப் பத்தியை மாற்றிவிட்டேன். டெமாஷியின் தூரிகை விவரங்களை அழித்தது, இன்றைய கருவி ஒவ்வொரு இலைக்கும் விளிம்பு போடுகிறது என்று இரண்டையும் அருகருகே வைத்து எழுதியிருக்கிறேன். மாணவர்கள் பார்த்துச் சொல்லட்டும்.

தனி மடல்களையும் சேர்த்து எண்ணினேன். துகிலொளி 5, மஞ்சொளி 3, சாஃப்ட் ஃபோகஸ் 2. துகிலொளியே அச்சுக்குப் போகிறது. முதல் முறை வரும் இடத்தில் மட்டும் அருகில் சாஃப்ட் ஃபோகஸ் இருக்கும். பனிப்படத்துக்கு மஞ்சொளியைப் பயன்படுத்துகிறேன், ஐயா. இரண்டாவது சொல்லுக்கு ‘மிகைத்திருத்தம்’ என்று எழுதியிருக்கிறேன். அதை யாரும் விவாதிக்கவே இல்லை, எனக்கும் நிறைவில்லை.

அனுப்புநர்: தமிழாசிரியர் (ஓய்வு)

மகிழ்ச்சி, அம்மா. ‘மிகைத்திருத்தம்’ வேண்டாம், திருத்தம் நல்ல சொல், அதன்மேல் பழி போடக் கூடாது. புதன் இரவு வரை நேரம் இருக்கிறதல்லவா?