விமானத்தில் டாக்டரைக் கூப்பிட்டால் டாக்டர் எழுந்தே ஆகவேண்டுமா?

திருச்சிக்காரன்:
போன மாதம் துபாயிலிருந்து வரும்போது, எனக்கு முன் வரிசைப் பெரியவர் கழிவறை வாசலில் அப்படியே சரிந்துவிட்டார். கீழே அரபிக் கடல். "மருத்துவர் யாராவது இருக்கிறீர்களா" என்று மூன்று முறை அறிவித்தார்கள், ஒருவரும் எழவில்லை. பணிப்பெண்களே காலைத் தூக்கிப் பிடித்து, ஆக்சிஜன் வைத்து, அவரைத் தெளிய வைத்தார்கள். இறங்கிப் பெட்டிக்காக நிற்கும்போது ஒருவர் தன் மனைவியிடம் சொன்னது காதில் விழுந்தது: "நான் போயிருந்தா வம்பாயிருக்கும்." அவர் டாக்டர். எனக்கு இன்னும் ஆறவில்லை. பிரான்சிலும் ஜெர்மனியிலும் ஆபத்தில் இருப்பவரைக் கண்டும் உதவாமல் போவதே குற்றம். நமக்கும் அப்படி ஒரு சட்டம் வேண்டும்.

தோல் மருத்துவர்:
உங்கள் கோபம் நியாயம்தான். ஆனால் அந்த இருக்கையில் என்னை வைத்துப் பாருங்கள். நெஞ்சு வலிக்காரர் ஒருவருக்கு நான் சிகிச்சை கொடுத்து 14 வருடமாகிறது. நோயாளியின் பழைய சீட்டு இல்லை, ஈசிஜி இல்லை, சுற்றிலும் போனில் படமெடுக்கும் கைகள். ஏதாவது தவறினால் எனக்கு யார் துணை? நம் மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ல் சேர்த்த 134ஏ பிரிவு சாலை விபத்தில் உதவுகிறவரைத்தான் காக்கிறது. விமானத்துக்கு அது வராது. அமெரிக்காவில் 1998-லேயே இதற்கென்று சட்டம் போட்டார்கள். பெரும் அலட்சியமோ வேண்டுமென்றே செய்த தவறோ இல்லையென்றால், உதவிய பயணிமேல் பொறுப்பு விழாது. முதலில் அந்தப் பாதுகாப்பைக் கொடுங்கள், அப்புறம் கடமையைப் பற்றிப் பேசலாம்.

திருச்சிக்காரன்:
1995-ல் ஹாங்காங்கிலிருந்து லண்டன் போன விமானத்தில் ஒரு பெண்ணுக்கு நுரையீரலைச் சுற்றிக் காற்று அடைத்து மூச்சு முட்டியது. ஆங்கஸ் வாலஸ் என்ற எலும்பு மருத்துவர் கோட் மாட்டும் கம்பியை நிமிர்த்தி, பிராந்தியில் கழுவி, சிறுநீர் வெளியேற்றப் போடும் மருத்துவக் குழாயை அதில் கோத்து நெஞ்சுக்குள் செலுத்திக் காற்றை வெளியேற்றினார். அந்தப் பெண் பிழைத்தார். அவர் "இது என் துறை இல்லை" என்று உட்கார்ந்திருந்தால்?

தோல் மருத்துவர்:
அவர் அறுவை மருத்துவர் ஐயா. கத்தி பிடித்த கை அது. அவரைக் காட்டி என்னைச் சட்டத்தால் எழுப்ப முடியாது.

முன்னாள் கேபின் க்ரூ:
11 வருடம் பறந்தவள் நான். இரண்டு பேருமே டாக்டர்தான் எல்லாவற்றையும் முடிவு செய்கிறார் என்று நினைக்கிறீர்கள். விமானத்தை வேறு ஊரில் இறக்குவதா வேண்டாமா என்பது கேப்டன் முடிவு. பல நிறுவனங்களில் தரையில் இருக்கும் மருத்துவரோடும் பேசுவார்கள். ஐந்து விமான நிறுவனங்களில் நடந்த 11,920 சம்பவங்களை அலசிய 2013 ஆய்வில், மயக்கமும் மயக்கம் வருவது போன்ற நிலையும் மட்டுமே 37 சதவீதம். விமானத்தைத் திருப்ப வேண்டி வந்தது சுமார் 7 சதவீதம்தான். கேபினுக்குள் காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயர மலைமேல் இருப்பது போல இருக்கும். சாப்பிடாமல், தண்ணீர் குடிக்காமல் வந்தவர் சட்டென்று எழுந்தால் தலை சுற்றத்தான் செய்யும்.

எஞ்சின் இரைச்சலில் ஸ்டெதஸ்கோப்பில் ஒன்றும் சரியாகக் கேட்காது. ஒருமுறை ஒரு கண் மருத்துவர் வந்தார். பிரஷர் பட்டையைக் காற்றேற்றி, மணிக்கட்டில் விரலை வைத்துக்கொண்டே மெல்லக் காற்றை விட்டார். நாடி மறுபடி தட்டிய இடத்தில் "பிரஷர் தொண்ணூறு" என்றார். கேப்டனிடம் சொல்ல எனக்கு அந்த எண் போதுமாக இருந்தது. மருந்துகள் உள்ள பெரிய பெட்டியைப் பல நிறுவனங்களில் டாக்டர் வந்தால்தான் திறக்க விடுவார்கள். அதற்காகத்தான் கூப்பிடுகிறோம்.

தோல் மருத்துவர்:
நாடி பார்க்க என்னால் முடியும். ஆனால் "இறக்குங்கள்" என்று நான் சொல்லி, கேப்டன் இறக்காமல் போய், அந்த ஆள் இறந்தால், நடந்ததை எழுதும் படிவத்தில் இருப்பது என் பெயர்.

முன்னாள் கேபின் க்ரூ:
நீங்கள் சொன்னதையும் கேப்டன் முடிவையும் தனித்தனியாக, நேரத்தோடு எழுதச் சொல்லுங்கள். என்னிடம் கேட்டவர்களுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

திருச்சிக்காரன்:
சட்டம் வேண்டும் என்பதில் நான் மாறவில்லை. பாதுகாப்பும் கடமையும் ஒரே சட்டத்தில் வரட்டும், அதை ஒப்புக்கொள்கிறேன். அதுவரைக்கும், மணியை அழுத்தி "நான் தோல் டாக்டர், நாடி பார்க்கத் தெரியும்" என்று சொல்வீர்களா?

தோல் மருத்துவர்:
அவ்வளவுதான் என்றால் சொல்வேன். கட்டாயப்படுத்தினால் மாட்டேன்.