சனிக்கிழமை முட்டமா, சின்னமுட்டமா?

குழு: கடப்புறம் தூண்டில்

வியாழன்

[மாலை 6:40] பிரபு: சனி காலத்த திட்டம் மாறலியே? முட்டம் பாறை, 5 மணிக்கு அங்க நிக்கணும். அருள் புது ராடு கொண்டு வாறான்.

[6:52] சேவியர் மாமா: முட்டம் வேண்டாம் மக்களே. நீரோடி முதல் ஆரோக்கியபுரம் வரை உயர் அலைன்னு இன்கொய்ஸ் (கடல் தகவல் மையம்) எச்சரிக்கை வந்தாச்சு. 3 மீட்டர் வரை சொல்லுது.

[6:55] அருள்: மாமா, மழை ஞாயிறுதான்னு ஆப்புல காட்டுது. சனி வெயிலு.

[7:03] சேவியர் மாமா: மழைய விடு, அது நனைக்கும், அவ்வளவுதான். ஆளை எடுக்கது அலை. எச்சரிக்கையில உயரத்த மட்டும் பாத்துட்டு மூடிராத, பக்கத்துல எத்தன விநாடின்னு போட்டிருக்கும், அதையும் படி. 8 விநாடி அலைக்கு ஆழ்கடல்ல முகட்டுக்கு முகடு 100 மீட்டர் தூரம். 16 விநாடின்னா 400 மீட்டர். உயரம் ஒண்ணுதான், ஆனா பின்னால தள்ளிக்கிட்டு வாற தண்ணி எவ்வளவோ கூடுதல். கரைப்பாறைக்கு வந்ததும் அது அங்கேயே உடஞ்சு விழாது, மேல ஏறிக்கிட்டே போவும். நீ காய்ஞ்ச பாறைன்னு நினைச்சு நிக்க இடம் வரை வரும்.

[7:06] ஷாஜி: மாமா சொல்லது அப்படியே சரி. இப்ப உள்ளது ஆடிக் காத்து அலை, காத்தோட சேர்ந்து வருது, கண்ணுக்குத் தெரியும். சித்திரை, வைகாசியில வாற கள்ளக்கடல் இன்னும் மோசம். தெக்க இந்தியப் பெருங்கடல்ல எங்கயோ அடிச்ச புயலோட அலை பல நாள் ஓடி நம்ம கரைக்கு வரும். இங்க காத்தும் இருக்காது, மேகமும் இருக்காது. 2024 மே 6, கணபதிபுரம் லெமூர் கடற்கரையில மருத்துவ மாணவர்கள் 5 பேர் போனது அந்த மாதிரி எச்சரிக்கை இருந்த நாள்தான்.

[7:08] லிசி சித்தி: அந்தப் பிள்ளைங்கள நினைச்சா இப்பவும் மனசு தாங்கல்ல. முட்டம் போகாதீங்க.

[7:10] பிரபு: சரி மாமா, முட்டத்த விட்டாச்சு. ஆனா எந்த இடம்னாலும் போய் நிக்கதுக்கு முன்னால எப்பிடி பாத்து முடிவு எடுக்கது?

[7:19] சேவியர் மாமா: வண்டிய நிறுத்தின உடனே சாமான் இறக்காத. அலைக்கு எட்டாத மேட்டுல நின்னு அரை மணிக்கூறு கடல மட்டும் பாரு. பெரிய அலை தனியா வராது, மூணு நாலு சேர்ந்து கூட்டமா வரும். ஒரு கூட்டத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவுல பத்து பதினஞ்சு நிமிஷம் கடல் அடங்கின மாதிரி இருக்கும். அந்த அடக்கத்துல வந்து சேருதவன்தான் ஏமாந்து கீழ இறங்குவான்.

[7:21] சேவியர் மாமா: போன்ல ஸ்டாப்வாட்ச் போடு. ஒரு அலை உடையும்போது அமுக்கு, அதுக்கப்புறம் பத்தாவது அலை உடையும்போது நிறுத்து. வந்த விநாடிய 10ஆல வகு. 12க்கு மேல வந்தா பாறை, தூண்டில் வளைவு (கடலுக்குள்ள நீட்டிப் போட்ட கல்லுச் சுவர்) ரெண்டுலயும் ஏறாத. அடுத்தது பாறை நிறம். கறுத்து ஈரமா இருக்க கோட்டுக்கு மேல வெள்ளையா உப்பு படிஞ்சிருந்தா அலை அங்கயும் வந்து காய்ஞ்சிருக்குன்னு அர்த்தம். பச்சைப் பாசி இருக்க இடம் தினமும் நனையுது, அதுல ரப்பர் செருப்பு நிக்கவே நிக்காது.

[7:22] அருள்: வேலியேற்றம் பாக்கண்டாமா?

[7:24] சேவியர் மாமா: நம்ம கரையில வேலியேற்றத்துக்கும் இறக்கத்துக்கும் ஒரு மீட்டர் கூட வித்தியாசம் வராது. மீன் கடிக்க நேரத்துக்கு அது பாக்கலாம். ஆபத்துக்கு அலைதான் கணக்கு. அமாவாசை, பௌர்ணமிய ஒட்டி ஏற்றம் கொஞ்சம் கூடும், அப்ப ரெண்டும் சேர்ந்தா கடல் ரோட்டுக்கு வரும்.

[7:30] ஷாஜி: எனக்கு தேங்காப்பட்டணம்தான் கிட்ட. ஆனா அதுவும் வேண்டாம். மலையில நல்ல மழை. பேச்சிப்பாறை அணை மறுகால் திறந்தா கோதையாறு வழியா குழித்துறை ஆத்துல இறங்கி பொழியில (ஆறு கடல்ல சேருத இடம்) சாடும். வெளியே போற ஆத்து வெள்ளமும் உள்ள வாற அலையும் பொழிமுகத்துல முட்டிச்சுன்னா அலை குறுகி செங்குத்தா எழும்பும். தடி, ஆகாயத்தாமரை எல்லாம் வந்து நூல்ல மாட்டும். கலக்குத் தண்ணி வேற.

[7:34] சேவியர் மாமா: சின்னமுட்டத்துக்கு வடக்க, லீபுரம் பக்கம் மணல் பாத்து நிப்போம். இப்ப அடிக்கது மேற்கு காத்து. முட்டம், குளச்சல்ல அது கடல்ல இருந்து முகத்துல அடிக்கும். லீபுரத்துல கரை கிழக்க பாத்து இருக்கு, காத்து நம்ம முதுகுல. அலைய அமுக்கும், வீச்சும் தூரம் போவும். குமரி முனைய சுத்தி அலை கொஞ்சம் வளைஞ்சு வரத்தான் செய்யும், முழுசா அடங்கின கடல்னு நினைக்காத. துறைமுகச் சுவருக்கு வெளிப்பக்கம் யாரும் ஏறப்பிடாது. கால் வழுக்கினா கல்லுக்கு இடையில போய் மாட்டும், மேல நிக்கவனால எடுக்க முடியாது.

[7:36] பிரபு: அதுவும் சரியில்லன்னா?

[7:38] சேவியர் மாமா: மணக்குடி காயல். பாலத்துக்கு மேல்பக்கம், பொழிமுகத்துக்கு எட்டாம. உயிர் இறால் கொளுத்தினா கொடுவா, செப்பிலி பாக்கலாம். காயலுக்கு 30 கிராம் ஈயம் போதும். பழையாத்துல வெள்ளம் வந்து பொழி உடஞ்சு ஓடுதுன்னா அங்கயும் கிடையாது, வீட்டுல இருப்போம்.

[8:15] அருள்: ஷாஜி அண்ணே, ராடு 12 அடி, ரீல்ல 0.35 மில்லி தங்கூசி நூல். 60 கிராம் ஈயம் வாங்கி வச்சிருக்கேன். போதுமா?

[8:27] ஷாஜி: காணாது. இந்தக் கடல்ல 60 கிராம் ரெண்டு நிமிஷத்துல உருண்டு கரைக்கு வந்திரும். 140 கிராம் எடு, கம்பிக் கால் நாலு உள்ளது. அந்தக் கால் மணலுக்குள்ள குத்தி நிக்கும், நாம வெட்டி இழுத்தா மடங்கி விட்டுரும். உன் ராடுல எழுதியிருக்க எடைய முதல்ல பாரு. 100 கிராம் வரைன்னு இருந்தா 140 வச்சு முழு வீச்சு வீசாத, முனை போயிரும்.

[8:31] ஷாஜி: அடுத்தது ரொம்ப முக்கியம். 0.35 தங்கூசில 140 கிராம நேரா கட்டி வீசினா வீச்சு நேரத்துல நூல் அறும். அறுந்த ஈயம் குண்டு மாதிரி பறக்கும், பக்கத்துல நிக்கவன் தலையில பட்டா உயிர் போகும். அதனால முன்னால தடிச்ச நூல் கட்டணும். கணக்கு லேசு: ஒரு அவுன்ஸ் ஈயத்துக்கு 10 பவுண்டு தாங்குற நூல். 140 கிராம்னா 5 அவுன்ஸ், அப்ப 50 பவுண்டு, 0.70 தங்கூசி. நீளம் ராடுக்கு ரெண்டு மடங்கு, 24 அடி. வீச நிக்கும்போது ரீல்ல அஞ்சாறு சுத்து தடிச்ச நூல் இருக்கணும். முடிச்சு ஸ்பூல்ல கீழ் ஓரமா, விரலுக்குப் படாம கிடக்கணும். இல்லன்னா விரல கிழிச்சுட்டுப் போவும்.

[8:33] அருள்: முடிச்சு போட்டு படம் அனுப்புதேன், பாத்து சொல்லுங்க.

[8:34] ஷாஜி: அனுப்பு. எச்சில் தொட்டு நனைச்சுட்டு இறுக்கு. உலர்ந்து இறுக்கினா சூடாகி நூல் வெளுக்கும், வெளுத்த இடத்துல அறும்.

[8:41] ஷாஜி: கொக்கி ஒண்ணே ஒண்ணு. ரெண்டு மூணு போட்டா இந்த அலையில பின்னிக்கிட்டு கிடக்கும். 4/0 சர்க்கிள் கொக்கி, கிளை நூல் ஒண்ணரை அடிக்கு மேல வேண்டாம். சர்க்கிள் கொக்கிக்கு ராட வெட்டி இழுக்கப்பிடாது, மீன் இழுத்துட்டு போகும்போது ரீல சுத்திக்கிட்டே வந்தா தானா கடவாயில ஏறும்.

[8:44] சேவியர் மாமா: அடியில பார் கிடந்தா கம்பிக்கால் ஈயத்த கழட்டிரு, கல்லுல கொளுவினா வராது. அதுக்குப் பழைய ஸ்பார்க் பிளக் மூணு சேத்துக் கட்டு, ஒண்ணு ஏறக்குறைய 50 கிராம் வரும். மெயின் நூலுல நேரா கட்டாத, 0.25 மாதிரி மெல்லிசு நூல் அரை அடி இடையில வை. மாட்டினா அது மட்டும் அறும், மீனும் கொக்கியும் கையில வரும். ஆனா மெல்லிசு நூல் வச்சுட்டு பலமா வீசாத, பக்கத்துல இருந்து மெதுவா எறி.

[9:02] பிரபு: இரை நான் பாத்துக்கிடுதேன். சாளை ஒரு கிலோ, கணவாய் அரை கிலோ.

[9:10] லிசி சித்தி: சாளைய அப்படியே ஐஸ்ல போட்டு கொண்டு போனா அலையில ரெண்டே நிமிஷத்துல கரைஞ்சு வெறும் கொக்கிதான் வரும். வெள்ளி ராத்திரியே தலைய எடுத்து, சரிஞ்சாப்ல ரெண்டா வெட்டி, ஒரு கிலோவுக்கு 200 கிராம் கல்லுப்பு விரவி, ஓட்டை உள்ள பாத்திரத்துல வை. தண்ணி இறங்கி சதை இறுகும். காலத்த தோல் ரப்பர் மாதிரி இருக்கும், அப்பத்தான் கொக்கியில நிக்கும்.

[9:13] ஷாஜி: அதுக்கு மேல எலாஸ்டிக் நூலால 15 சுத்து. சாளைய உள்ள வச்சு, விரல் நீளம் கணவாய்த் துண்டால மூடி சுத்தினா இன்னும் நல்லது. மணம் சாளையில இருந்து, உறுதி கணவாயில இருந்து. கொக்கி முனை மட்டும் வெளிய தெரியணும், அத மூடினா கடிச்சாலும் ஏறாது. கலக்குத் தண்ணியில மீன் கண்ணால தேடாது, மணத்த பிடிச்சு வரும். அதனால 15 நிமிஷத்துக்கு ஒருக்கா இரை மாத்தணும். வெளுத்துப் போன துண்டுக்கு ஒண்ணும் வராது. பளபள லூர் (போலி இரை) எல்லாம் வீட்டுல இருக்கட்டும்.

[9:20] அருள்: எங்க வீசணும்? முடிஞ்ச தூரமா?

[9:29] சேவியர் மாமா: தூரம் வேண்டாம் மக்களே. ரெண்டு அலை வரிக்கு இடையில தண்ணி கறுத்து, நுரை குறைஞ்சு தெரியும், அது பள்ளம். அலை மணலக் கிண்டிவிடுத இரைய தின்ன பாறை மீனும் கெளிறும் அதுலதான் நிக்கும். சில நேரம் 30, 40 மீட்டர்லயே கிடக்கும். இன்னொண்ணு, கரையில இருந்து நுரையும் கலக்கும் கடலுக்குள்ள நேரா ஓடுத வழி தெரியும், அங்க மட்டும் அலை உடையாது. அமைதியா இருக்கேன்னு அதுல கால் வைக்கப்பிடாது, அது ஆளை உள்ள இழுக்க நீவாடு (நீரோட்டம்). அதோட ஓரத்துல வீசு, மீன் உண்டு.

[9:32] சேவியர் மாமா: கரைய ஒட்டி நீவாடு வடக்க ஓடுதுன்னா தெக்க பாத்து வீசு. ஈயம் தரை தட்டின பிறகு பத்து மீட்டர் நூல் கூடுதலா விடு, வில்லு மாதிரி வளைஞ்சு நிக்கட்டும். நேரா இழுத்துப் பிடிச்சா ஒவ்வொரு அலையும் ஈயத்தப் பிடுங்கும்.

வெள்ளி

[காலை 7:15] லிசி சித்தி: கெளிறு கிடைக்கும்னா இத எல்லாரும் படிங்க. முதுகுல ஒண்ணு, பக்கச் செவுளுக்குப் பின்னால ரெண்டு, மொத்தம் மூணு முள். விஷம் உண்டு. கையால பிடிக்காம துணி போட்டு அமுக்கி, கட்டிங் பிளேயரால முள்ள வெட்டிட்டு கொக்கி எடுங்க. குத்திச்சுன்னா ஐஸ் வைக்காதீங்க. தாங்குற சூட்டு வெந்நீர், 45 டிகிரி அளவு, அதுல அரை மணிக்கூறு முதல் ஒண்ணரை மணிக்கூறு வரை முக்கி வைக்கணும். வலிக்கும்போது அந்தக் கைக்கு சூடு தெரியாது, அதனால மறு கைய முதல்ல விட்டுப் பாருங்க. பிளாஸ்க்ல வெந்நீர் எடுங்க. முள் உள்ள முறிஞ்சா நோண்டாம ஆஸ்பத்திரி. டிடி ஊசியும் போடணும்.

[7:18] லிசி சித்தி: பேத்தை (பந்து மாதிரி உப்புற மீன்) வந்தா கடல்லயே விட்டுருங்க. சமைச்சாலும் அந்த விஷம் போகாது. நூல்ல சொறி (ஜெல்லி மீன்) வால் கண்ணாடி மாதிரி ஒட்டியிருக்கும், அதத் தொட்ட கைய கண்ணுல வைக்காதீங்க.

[12:40] ஷாஜி: ராடு ஊனுத குழாய் வெட்டியாச்சு. 2 இஞ்சு பிவிசி, 5 அடி, அடிப்பக்கம் சரிவா. ஒண்ணரை அடி மணலுக்குள்ள போகணும். அலை நனைக்க மணல்ல ஊனினா ஒவ்வொரு தடவையும் இளகி சாஞ்சிரும், அதனால ஈரக்கோட்டுக்கு மேல. ஊனிட்டு ரீல் டிராக்க (நூல் ஓட விடுற பிடிமானம்) லூசா விடு, இல்லன்னா பெரிய பாறை மீன் ராட சேத்து கொண்டு போயிரும்.

[12:44] பிரபு: லைஃப் ஜாக்கெட் மூணு இருக்கு. ஆள் நாலு.

[12:46] சேவியர் மாமா: நாலாவது இல்லாம நாலாவது ஆள் தண்ணிப் பக்கம் வரப்பிடாது. என் வீட்டுல ஒண்ணு உண்டு, கொண்டு வாறேன்.

[12:51] சேவியர் மாமா: 5 லிட்டர் கேன் ஒண்ணு, மூடி இறுக்கி. உள்ள கால் லிட்டர் தண்ணி விடு, வீசினா காத்துல திரும்பாது. 20 மீட்டர் கயிறு கட்டி மணல்ல சுத்தி வச்சிரு. யாராவது விழுந்தா கூடச் சாடப்பிடாது, கேன எறி. விழுந்தவன் இழுப்ப எதுத்து நீந்தினா களைச்சுப் போவான், மல்லாந்து மிதந்து கரைக்கு இணையா பக்கவாட்டுல நகரணும். 1093 கடலோரக் காவல், 1554 கோஸ்ட் கார்ட். ரெண்டையும் போன்ல இப்பவே பதிஞ்சுருங்க.

[12:53] அருள்: பதிஞ்சாச்சு மாமா. இடி இடிச்சா?

[12:55] ஷாஜி: கார்பன் ராடு மின்சாரம் கடத்தும். சத்தம் கேட்ட உடனே ராட மணல்ல படுக்க வச்சுட்டு வண்டிக்குள்ள போ. கடைசி இடிக்கு அப்புறம் அரை மணிக்கூறு கழிஞ்சுதான் திரும்ப வரணும். இந்த மாசம் இடி குறைவுதான், ஐப்பசி கார்த்திகையிலதான் சாயங்காலம் தோறும் பாக்கணும்.

[இரவு 8:20] சேவியர் மாமா: சின்னமுட்டத்துல கேட்டேன். விசைப்படகு இன்னிக்கு போகல்ல, காத்து கூடுதல். புது சாளை கிடைக்காது, பிரபு நாகர்கோவில்ல வாங்கினதே போதும். அஞ்சுக்கு வேண்டாம், இருட்டுல அலை தெரியாது. ஆறரைக்கு வெளிச்சம் வந்த பிறகு மேட்டுல நின்னு பாப்போம்.

[8:24] பிரபு: சரி மாமா. உப்பு விரவி வச்சாச்சு.

[8:31] ஷாஜி: திரும்பி வந்து ரீல் கழுவும்போது பைப்ப வேகமா அடிக்காதீங்க, உப்ப உள்ள தள்ளிரும். டிராக்க இறுக்கிட்டு மெதுவா நல்லதண்ணி விட்டு, துடைச்சு, அப்புறம் டிராக்க தளத்தி நிழல்ல வைங்க. அருள், உன் முடிச்சு பாத்தேன், வால் ரொம்ப நீளம். 2 மில்லி விட்டு வெட்டிரு, இல்லன்னா வளையத்துல தட்டும்.

[8:33] அருள்: வெட்டியாச்சு அண்ணே.

[8:40] சேவியர் மாமா: காலத்த அஞ்சரைக்கு எச்சரிக்கைய திரும்பப் பாத்துட்டு இங்க போடுதேன். நான் போட்ட பிறகு வண்டிய எடுங்க.